தமிழ்நாடு நாளுக்கு விடுமுறை இல்லை, தைப்பூசத்துக்கு உண்டு: இதை முடிவு செய்வது எங்கே?

பாலாற்றங்கரை (கேள்வி)

வணக்கம். பள்ளி இலக்கிய மன்றத்துக்காக "நாட்காட்டியும் அரசியலும்" என்று ஒரு குறிப்பு தயாராகிறது. மூன்று இடத்தில் முட்டுகிறது, விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

ஜூலை 18 தமிழ்நாடு நாள், செப்டம்பர் 17 சமூகநீதி நாள். இரண்டையும் அரசே அறிவித்தது, ஆனால் இரண்டுக்கும் விடுமுறை கிடையாது. தைப்பூசத்துக்கு மட்டும் 2021 முதல் விடுமுறை. ஒரு நாள் வெறும் "நாள்" ஆக நிற்பதும் விடுமுறையாக மாறுவதும் எந்தக் கோப்பில் முடிவாகிறது?

அடுத்தது, தமிழ்நாடு நாள் நவம்பர் 1 தான் என்று ஒரு தரப்பு, ஜூலை 18 தான் என்று இன்னொரு தரப்பு. இரண்டில் எது சரி?

கடைசியாக, தைப்பூசம் சிங்கப்பூர், மலேசியா எல்லா இடத்திலும் அரசு விடுமுறை என்று மேடையில் பேசுகிறார்கள். அப்படியே எழுதிவிடலாமா?

கோப்புக்கட்டு

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இதைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாகத் தெளியும்.

"தேசிய விடுமுறை" என்று நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் எதுவும் இயற்றவில்லை. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மூன்றையும் அப்படி அழைப்பது நிர்வாக வழக்கம். பொது விடுமுறைக்குச் சட்ட வேர் இருப்பது யாரும் எதிர்பார்க்காத இடத்தில்: 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம் (Negotiable Instruments Act), பிரிவு 25. புரோநோட்டு, உண்டியல் போன்ற கடன் பத்திரங்கள் முதிரும் நாள் பொது விடுமுறையாக அமைந்தால் பணம் எப்போது தரவேண்டும் என்று சொல்லும் பிரிவு அது. அங்கே "பொது விடுமுறை" என்பதற்கு விளக்கம் தருகிறார்கள்: ஞாயிற்றுக்கிழமைகளும், அரசு அரசிதழில் அறிவிக்கும் மற்ற நாட்களும். அறிவிக்கும் அதிகாரம் ஒன்றிய அரசுடையது. 1957-ல் அதை மாநில அரசுகளுக்கும் ஒப்படைத்தார்கள். நம் மாநிலத்தில் ஆண்டுதோறும் வரும் விடுமுறைப் பட்டியல் இந்த அதிகாரத்தின் கீழ்தான் வருகிறது. தலைமைச் செயலகத்தில் பொதுத்துறை அதைத் தயாரிக்கும், பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் வாக்கில் அடுத்த ஆண்டுக்கான அரசாணை வெளியாகும். 2025-க்கு 24 நாட்கள். அதில் ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்புக்கானது, வங்கிகளுக்கு மட்டும்.

இந்தப் பட்டியலில் ஒரு வரி ஏறினால் அரசு அலுவலகம், பள்ளி, வங்கி, கருவூலம் எல்லாம் ஒரே நேரத்தில் மூடும். கடன் பத்திரத்தின் தேதிகூட நகரும். 2021 ஜனவரி 28 தைப்பூசத்தன்று முதிரும் ஒரு புரோநோட்டுக்கு அதற்கு முந்தைய வேலைநாளான 27-ஆம் தேதியே பணம் தரவேண்டும். பலர் அடுத்த நாள் தந்தால் போதும் என்று நினைத்துச் சிக்கிக்கொள்வார்கள், சட்டம் சொல்வது முந்தைய நாளை.

"நாள்" அறிவிப்புக்கு இந்தச் செலவு எதுவும் கிடையாது. பேரவையில் விதி 110-ன் கீழ் முதலமைச்சர் ஓர் அறிக்கை படிக்கலாம், சம்பந்தப்பட்ட துறை ஓர் அரசாணை போடும், அலுவலகங்களில் உறுதிமொழி எடுப்பார்கள், மாவட்ட அளவில் போட்டி நடக்கும், வேலை வழக்கம்போல் ஓடும். செப்டம்பர் 17 அப்படித்தான், 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். தமிழ்நாடு நாளுக்கு மாவட்டந்தோறும் மாணவர்களுக்குக் கட்டுரை, பேச்சுப் போட்டி, பரிசு 10,000, 7,000, 5,000 ரூபாய். தமிழ் வளர்ச்சித் துறையின் செலவுத் தலைப்பில் அடங்கிவிடும்.

உங்கள் குறிப்பில் இந்த வேறுபாட்டை அழுத்தி எழுதுங்கள். ஓர் ஆட்சி ஒரு நாளை எவ்வளவு மதிக்கிறது என்று மேடைப் பேச்சை வைத்து அளக்க முடியாது. அரசாணையில் அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அரசாணைப் பட்டியலில் தை 2-க்கு நேரே "மாட்டுப் பொங்கல்" என்று அச்சாகியிருக்காது, "திருவள்ளுவர் தினம்" என்றுதான் இருக்கும். தை 3 "உழவர் திருநாள்", காணும் பொங்கல் அல்ல. வீட்டில் மாட்டுக்குக் கொம்பில் வண்ணம் பூசுகிற அதே நாளுக்கு அரசு வேறு பெயர் வைத்திருக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1935-ல் திருவள்ளுவர் திருநாள் கொண்டாடத் தொடங்கியபோது அது வைகாசி அனுடத்தில் இருந்தது. பிறகுதான் அரசு அதைத் தை 2-க்குக் கொண்டுவந்தது. திருவள்ளுவர் ஆண்டு 1971-ல் அரசு நாட்குறிப்பிலும், 1972-ல் அரசிதழிலும், 1981-ல் எல்லா அலுவல்களிலும் ஏறியது.

எல்லைக்கல்

தமிழ்நாடு நாள் பற்றி: "எது சரி" என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்த நிகழ்ச்சியைப் பிறப்பு என்று எடுத்துக்கொள்கிறோம் என்று கேளுங்கள். உண்மையில் மூன்று தேதிகள் இருக்கின்றன.

1956 நவம்பர் 1 மொழிவழி மாநிலங்கள் அமைந்த நாள். அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையும் நம்மோடு சேர்ந்தன. தேவிகுளம், பீருமேடு கேரளத்தோடு போயின. திருத்தணி அன்றைக்கு வரவில்லை, 1960 ஏப்ரல் 1-ல்தான் வந்தது. ஆக நவம்பர் 1-ஐ எடுத்தால் நீங்கள் நினைவுகூர்வது எல்லைப் போராட்டத்தை: மார்ஷல் நேசமணி, ம.பொ.சி., மங்கலங்கிழார், 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள். கிடைத்ததும் இழந்ததும் ஒரே நாளில் கலந்திருக்கிறது. கர்நாடகம் அந்த நாளை ராஜ்யோத்சவமாகக் கொடியேற்றிக் கொண்டாட முடிந்ததற்கும், இங்கே அரை மனதாக இருந்ததற்கும் அதுவும் ஒரு காரணம்.

1967 ஜூலை 18 பேரவையில் அண்ணா ஆட்சி "தமிழ்நாடு" என்று பெயர் மாற்றக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றிய நாள். இதை எடுத்தால் நினைவுகூர்வது பெயரை. 1956 ஜூலை 27 அன்று விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கி, இரண்டரை மாதம் கிடந்து, அக்டோபர் 13-ல் உயிர்விட்ட சங்கரலிங்கனார் இந்தத் தேதிக்குப் பின்னால் நிற்கிறார். அவருடைய கோரிக்கைகளில் ஒன்று இந்தப் பெயர்.

மூன்றாவது தேதியை யாரும் பேசுவதில்லை: 1969 ஜனவரி 14. நாடாளுமன்றம் 1968-ல் பெயர் மாற்றச் சட்டம் இயற்றி, அது நடைமுறைக்கு வந்த நாள். சட்டப்படி "சென்னை மாநிலம்" மறைந்து "தமிழ்நாடு" பிறந்தது அன்றுதான். பொங்கலோடு ஒட்டி வருவதால் தனி அடையாளம் கிடைக்கவில்லை. டெல்லியின் கையெழுத்தால் வந்த தேதி என்பதும் அதன் பலவீனம். பேரவைத் தீர்மானம் நம் சொந்த முடிவு, அந்தப் பெருமை ஜூலை 18-க்கு உண்டு.

2019-ல் அ.தி.மு.க. அரசு நவம்பர் 1-ஐ எடுத்தது. 2021 அக்டோபர் இறுதியில் தி.மு.க. அரசு ஜூலை 18-க்கு மாற்றியது. அதே நேரத்தில் நவம்பர் 1-ஐக் கைவிட்டார்கள் என்ற பேச்சு வராமலிருக்க, எல்லைப் போராட்டத்தில் ஈடுபட்டவர்கள் 110 பேருக்குத் தலா 1 லட்சம் ரூபாய் அறிவித்தார்கள். என் கருத்து: நவம்பர் 1 போராடியவர்களுக்குரிய நாள், ஜூலை 18 பெயருக்குரிய நாள். இரண்டையும் ஒரே நாற்காலிக்குப் போட்டி போட வைப்பதால் குமரியிலும் திருத்தணியிலும் இருக்கிற முதியவர்கள் மனம் நோகிறது. நாகர்கோவிலில் நேசமணி மணிமண்டபத்துக்கு நவம்பர் 1-ல் மாலை போடப் போகிறவர்கள் எந்த அரசாணையையும் பார்த்துப் போவதில்லை.

இங்கே கோப்புக்கட்டு சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அரசாணை இல்லாமலே பல பத்தாண்டு வாழும் நாட்களும் உண்டு. ஜனவரி 25 மொழிப்போர் தியாகிகள் நாளுக்கு விடுமுறை கிடையாது. 1964 ஜனவரி 25 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியில் கீழப்பழுவூர் சின்னச்சாமி தீக்குளித்தார். அடுத்த ஆண்டு ஜனவரி 26-ல் இந்தி ஒரே ஆட்சிமொழியாகும் நிலை வந்தபோது தி.மு.க. அந்தக் குடியரசு நாளைத் துக்க நாளாக அறிவித்தது. குடியரசு நாளையே அவமதிப்பதாக அரசு எச்சரித்ததும் துக்க நாளை ஒரு நாள் முன்னே நகர்த்தினார்கள். இன்றும் ஜனவரி 25-ல் சென்னை மூலக்கொத்தளத்தில், இந்தி எதிர்ப்பில் உயிர்விட்ட நடராசன், தாளமுத்து நினைவிடத்தில் வணக்கம் செலுத்துகிறார்கள், திராவிடக் கட்சிகள் ஊர் ஊராக வீரவணக்கக் கூட்டம் போடுகின்றன. அரசுப் பட்டியலில் இல்லாத நாளைக் கட்சிக் கிளையின் சுவரொட்டி தாங்கிப் பிடிக்கிறது.

சடங்கை யார் நடத்துவது என்பதும் இதே கணக்கில் வரும். 1973 வரை ஆகஸ்ட் 15 அன்றும் ஆளுநரே கொடியேற்றினார். கலைஞர் பிரதமர் இந்திரா காந்திக்கு எழுதிக் கேட்டதன் விளைவாக 1974 ஆகஸ்ட் 15 முதல் முதலமைச்சர்கள் கொடியேற்றுகிறார்கள். குடியரசு நாள் ஆளுநரிடம் நின்றது. கோட்டைக் கொத்தளத்தில் எந்தக் கை கயிற்றை இழுக்கிறது என்பது கூட்டாட்சி பற்றிய ஒரு வாதம்.

பத்துமலை272

வணக்கம் ஐயா. மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். "மலேசியா முழுதும் விடுமுறை" என்று எழுதிவிடாதீர்கள், தவறாகிவிடும்.

இங்கே பொது விடுமுறையை 1951-ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டம் ஆள்கிறது. கூட்டரசு அறிவிப்பது தனி, மாநிலங்கள் அறிவிப்பது தனி. சிலாங்கூர், பேராக், பினாங்கு, நெகிரி செம்பிலான், ஜொகூர் மாநிலங்களில் தைப்பூசம் மாநில விடுமுறை. கோலாலம்பூர், புத்ராஜெயா இரண்டும் கூட்டரசுப் பிரதேசங்கள், அங்கே 2008 வரை இல்லை. பத்துமலை கோலாலம்பூரை ஒட்டி, ஆனால் சிலாங்கூர் எல்லைக்குள் இருக்கிறது. அதனால் கோயில் இருக்கும் பக்கம் விடுமுறை, சில கிலோமீட்டர் தள்ளித் தலைநகரில் வேலைநாள் என்று இருந்தது.

2008 ஜனவரியில் பிரதமர் அப்துல்லா படாவி தலைநகருக்கும் விடுமுறை அறிவித்தார். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2007 நவம்பர் 25-ல் இந்தியர் உரிமை கேட்ட இண்ட்ராஃப் அமைப்பின் பேரணி, ஆயிரக்கணக்கான இந்தியர்கள் கோலாலம்பூர் வீதியில் கண்ணீர்ப் புகைக்கு நடுவே நின்றார்கள். 2008 மார்ச் 8-ல் பொதுத்தேர்தல். இரண்டுக்கும் நடுவில் இந்த அறிவிப்பு. தேர்தலில் ஆளுங்கூட்டணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது, சுங்கை சிப்புட் தொகுதியில் ஆளுங்கூட்டணியின் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலுவே தோற்றார். வாக்கு வரவில்லை, விடுமுறை மட்டும் நிலைத்துவிட்டது.

உங்கள் தமிழ்நாட்டு விடுமுறை 2021 ஜனவரி 28-ல் முதல் முறையாக வந்தது அல்லவா? அதே தைப்பூசத்துக்கு இங்கே கெடா மாநில அரசு, நடமாட்டக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, வழக்கமாகத் தந்துவந்த விடுமுறையை நிறுத்தியது. கூட்டம் கூடக் கூடாது என்பது நியாயம், வீட்டில் இருந்து வேண்டிக்கொள்ள விடுமுறை ஏன் தடை என்று இங்கே பெரிய வருத்தம் எழுந்தது. கெடாவில் அது நிரந்தர விடுமுறையாகப் பட்டியலில் இல்லாமல், ஆண்டுக்கு ஆண்டு மந்திரி பெசார் (மாநில முதலமைச்சர்) தரும் சிறப்பு விடுமுறையாக இருந்ததுதான் பிரச்சினையின் வேர். அடுத்த ஆண்டு திரும்பக் கிடைத்தது.

தனியார் வேலைக்காரர்களுக்கு இன்னொரு படி உண்டு. 1955 வேலைவாய்ப்புச் சட்டம், பிரிவு 60D: ஆண்டுக்கு 11 பொது விடுமுறை. அதில் 5 மாற்ற முடியாதவை: தேசிய நாள், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச நாள், தொழிலாளர் நாள், மலேசிய நாள். மீதி 6 முதலாளி தேர்ந்தெடுப்பது. ஆகவே சிலாங்கூரிலேயே ஒரு தொழிற்சாலை தைப்பூசத்தைப் பட்டியலில் சேர்க்காமல் விடலாம். ஆண்டுத் தொடக்கத்தில் ஒட்டப்படும் அறிவிப்பைப் படிக்காமல் இருந்துவிட்டு, முதல் நாள் மாலை காவடிக்கு விரதம் இருப்பவர் மேலாளரிடம் கேட்கப் போவார், காலம் கடந்திருக்கும்.

மலேசிய நாளும் இப்படி வந்ததுதான். செப்டம்பர் 16, 1963-ல் மலேசியா உருவானாலும், நாடு தழுவிய விடுமுறை 2010-லிருந்துதான். 2008 தேர்தலில் ஆட்சி தப்பியது சபா, சரவாக் இடங்களால். அடுத்த ஆண்டே அந்த இரண்டு மாநிலங்களின் நீண்டநாள் கோரிக்கை ஏற்கப்பட்டது.

சிராங்கூன் வாசகர்

சிங்கப்பூர் பற்றித் திருத்தம்: இங்கே தைப்பூசம் பொது விடுமுறை அல்ல. ஒரு காலத்தில் இருந்தது, 1968-ல் எடுக்கப்பட்டது. மேடையில் சொல்பவர்கள் காவடி ஊர்வலத்தின் படத்தைப் பார்த்து விடுமுறை என்று எண்ணிவிடுகிறார்கள்.

1968 விடுமுறைச் சட்டம் 16 நாட்களை 11 ஆகக் குறைத்தது. பிரிட்டன் படைத்தளங்களை மூடுவதாக அறிவித்த ஆண்டு அது, வேலை போகும் என்ற பயம், முதலீட்டாளர்களை ஈர்க்க வேண்டிய நெருக்கடி. வேலை நேரத்தையும் விடுப்பையும் இறுக்கிய வேலைவாய்ப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். ஒவ்வொரு சமூகமும் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. முஸ்லிம்கள் நபிகள் பிறந்தநாளை விட்டார்கள். கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாளையும், ஈஸ்டரை ஒட்டிய சனி, திங்களையும் விட்டார்கள். இந்துக்களுக்கு முன் தீபாவளி, தைப்பூசம் இரண்டும் இருந்தன. தீபாவளி நின்றது.

அந்தத் தேர்வு தமிழர்களுக்கு எவ்வளவு கனமானது என்று பாருங்கள். தீபாவளி வட இந்தியர், குஜராத்தியர் எல்லோருக்கும் பொது. தைப்பூசம் தமிழருடையது. "இந்து" என்ற ஒரே பெட்டியில் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொன்னால் எல்லோருக்கும் பொதுவானது வெல்லும், ஒரு மொழிக்காரரின் விழா தோற்கும். அரசின் வகைப்படுத்தலே பாதி முடிவைச் செய்துவிடுகிறது.

அதனால் இங்கே காவடி எடுப்பவர்கள் ஆண்டு விடுப்பு எடுக்கிறார்கள், அல்லது முந்தைய இரவே சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயிலில் முடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். திரும்பத் தரவேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழும். ஒரு சமயத்துக்குக் கூட்டினால் மற்றவர்களும் கேட்பார்கள் என்பது அரசின் பதில்.

மொரிஷியஸை உங்கள் பட்டியலில் தைரியமாகச் சேர்க்கலாம். அங்கே "தைப்பூசக் காவடி" என்ற பெயரிலேயே பொது விடுமுறை. இலங்கையில் தனி விடுமுறையாக இல்லை, ஆனால் தைப்பூசம் பௌர்ணமியோடு சேர்ந்து வரும்போது, பௌத்தர்களின் பௌர்ணமி நாளான போயா விடுமுறைக்குள் விழும். போயா விடுமுறையின் கதையே ஒரு பாடம். 1966-ல் டட்லி சேனநாயக்க அரசு ஞாயிற்றுக்கிழமையைக் கைவிட்டு நிலவின் நான்கு கட்டங்களை வார விடுமுறையாக்கியது. பௌத்த வாக்காளர்களுக்குக் கொடுத்த வாக்கு. நிலவின் கால்பகுதி 7 நாட்களுக்குச் சற்று மேல் வருவதால் வாரத்தின் நீளம் ஒரே அளவில் நிற்கவில்லை. கப்பல், வங்கி, ஏற்றுமதி எல்லாம் ஞாயிறு விடுமுறை எடுக்கும் உலகத்தோடு ஒத்துப்போகாமல் திணறின. 1971-ல் ஞாயிறு திரும்பியது, பௌர்ணமிப் போயா மட்டும் விடுமுறையாக நின்றது.

ஆலைச்சங்கு

எல்லோரும் அரசுப் பட்டியலையே பேசுகிறீர்கள். தமிழ்நாட்டில் தனியார் தொழிற்சாலை, கடை, தோட்டத் தொழிலாளருக்கு அந்த 24 நாள் பட்டியல் பொருந்தாது. அவர்களுக்கு 1958-ஆம் ஆண்டின் தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் கட்டாயம். அதோடு 5 பண்டிகை நாட்கள். மொத்தம் 9.

அந்த 5 எவை என்று சட்டம் சொல்லாது. நிர்வாகம் தொழிலாளர்களோடு கலந்து பட்டியல் போட்டு ஆய்வாளரின் ஒப்புதல் பெற வேண்டும். புதிய ஆண்டு பிறக்கும் முன் இந்த வேலை முடிந்து, பட்டியல் வாயிலில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். 2021-ல் தைப்பூசம் புதிதாக வந்தபோது ஆலைகளில் குழப்பம் ஏற்பட்டது இதனால்தான். ஜனவரி 5-ல் முதலமைச்சர் அறிவித்தார், ஆலைப் பட்டியல் டிசம்பரிலேயே முடிந்திருந்தது. தைப்பூசம் வேண்டுமென்றால் அந்த 5-ல் ஒன்றைக் கழித்துத்தான் சேர்க்க முடியும், கூடுதலாக ஆறாவது நாள் கிடையாது. விடுமுறை நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறை. இதைத் தொழிலாளர்கள் கேட்டுப் பெற வேண்டும்.

இந்த நான்கில் மே 1-ஐக் கவனியுங்கள். 1923 மே 1-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம். ஊதியத்தோடு கூடிய விடுமுறையாக அது சட்டத்தில் ஏறியது 1969-ல். 46 ஆண்டுகள். கடற்கரை மணலில் தொடங்கிய ஒன்று சட்டப் புத்தகத்துக்கு வர அவ்வளவு காலம் பிடித்தது. பெரியவர் ஒருவரின் பிறந்தநாளை ஓர் இரவில் அறிவித்துவிட முடியும், உழைப்பவர்களின் நாளுக்கு முதலாளிகள் சம்பளம் தரவேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

பாலாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி, குறிப்பின் அமைப்பே மாறிவிட்டது. இரண்டு துணைக் கேள்விகள். தை 1 தமிழ்ப் புத்தாண்டு என்று 2008-ல் சட்டமே வந்தது, அது ஏன் நிலைக்கவில்லை? கொடுத்த விடுமுறையை ஆட்சி மாறினால் எடுக்க முடியுமா?

கோப்புக்கட்டு

சட்டம் 2008 தொடக்கத்தில் தி.மு.க. ஆட்சியில் வந்தது, 2011 ஆகஸ்டில் அ.தி.மு.க. ஆட்சியில் நீக்கப்பட்டது. அது எளிதாக நீங்கியதற்கு என் விளக்கம்: அந்தச் சட்டத்தால் யாருக்கும் ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தை 1 ஏற்கெனவே பொங்கல் விடுமுறை. ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள், அதுவும் விடுமுறைப் பட்டியலில் நிற்பது. ஆக மாறியது பெயர் மட்டும். கோயில்களில் சித்திரை 1-ல் பஞ்சாங்கம் படிப்பது நிற்கவில்லை. நாட்காட்டிகளில் சர்வதாரி, விரோதி, விகிர்தி, கர என்று ஆண்டுப் பெயர்கள் சித்திரையில்தான் மாறின. வீட்டுச் சுவரை எட்டாத சட்டத்தை நீக்கும்போது தடுக்க ஆள் வரவில்லை. தை 1 கோரிக்கை நியாயமற்றது என்று நான் சொல்லவில்லை. அறுவடையையும் கதிரவனின் வடசெலவையும் ஆண்டுத் தொடக்கமாகக் கொள்ளும் வாதத்துக்கு வலு உண்டு. அதை வழக்கமாக்கும் வேலை சட்டத்துக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். இன்றைய பட்டியலில் ஏப்ரல் 14-க்கு நேரே தமிழ்ப் புத்தாண்டு, அம்பேத்கர் பிறந்தநாள் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. 2022-ல் அதே நாள் சமத்துவ நாளாகவும் அறிவிக்கப்பட்டது.

தைப்பூசத்தோடு ஒப்பிடுங்கள். 2020 நவம்பரில் பா.ஜ.க. திருத்தணியில் வேல் யாத்திரை தொடங்கியது. 2021 ஜனவரியில் அ.தி.மு.க. அரசு விடுமுறை அறிவித்தது. ஏப்ரலில் தேர்தல், மே மாதம் ஆட்சி மாறியது. புதிய அரசு அதில் கை வைக்கவில்லை. உண்மையில் ஒரு நாள் கூடியிருந்தது, அதை எடுத்தால் மக்கள் உணர்வார்கள்.

எடுக்க முடியுமா என்றால், சட்டப்படி முடியும். தாத்ரா நகர் ஹவேலியில் போர்த்துகீசியரிடமிருந்து விடுபட்ட ஆகஸ்ட் 2 பல பத்தாண்டுகள் விடுமுறையாக இருந்து பட்டியலிலிருந்து போனது. வழக்குப் போட்டபோது, பொது விடுமுறை யாருக்கும் சட்ட உரிமை அல்ல என்று 2022 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உத்தரப் பிரதேசத்தில் 2017 ஏப்ரலில் புதிய அரசு ஒரே அடியில் 15 விடுமுறைகளை நீக்கியது. சரண் சிங், கர்ப்பூரி தாக்கூர் போன்ற தலைவர்களின் பிறந்தநாட்கள் அதில் அடக்கம். பள்ளிகள் அன்று திறந்திருந்து, அந்தத் தலைவரைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது காரணமாகக் கூறப்பட்டது. கேட்க நல்ல யோசனைதான். ஆனால் முந்தைய ஆட்சிகள் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒன்றாகக் கொடுத்த அடையாளங்கள் ஒரே பட்டியலில் போயின என்பதையும் மறக்க முடியாது.

எல்லைக்கல்

பாலாற்றங்கரை, குறிப்பில் இடம் இருந்தால் தெலங்கானாவின் செப்டம்பர் 17-ஐச் சேருங்கள். ஒரே தேதிக்குப் பெயர் வைப்பதே எப்படிச் சண்டையாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

1948 செப்டம்பர் 13-ல் இந்தியப் படை ஐதராபாத்துக்குள் நுழைந்தது, 17-ல் நிஜாம் பணிந்தார். பழைய நிஜாம் நாட்டின் மராட்டியப் பகுதியில் அது மராத்வாடா விடுதலைப் போராட்ட நாள். கன்னடப் பகுதியிலும் விடுதலை நாள், 2019-ல் அந்த வட்டாரத்துக்கே கல்யாண கர்நாடகம் என்று பெயர் மாறியது. தெலங்கானாவிலோ அரசு நெடுங்காலம் ஒதுங்கியே இருந்தது. விடுதலை என்று சொன்னால் யாரிடமிருந்து என்ற கேள்வி வரும், முஸ்லிம் வாக்காளர் மனம் புண்படும் என்ற தயக்கம். நிஜாமையும் நிலக்கிழார்களையும் எதிர்த்துத் துப்பாக்கி ஏந்திய கம்யூனிஸ்டுகளுக்கு அந்தத் தேதியே உவப்பில்லை, படை வந்தபின்பும் 1951 வரை அவர்கள் போராட்டம் தொடர்ந்தது.

2022-ல் தெலங்கானா ராஷ்டிர சமிதி அரசு அதை தேசிய ஒருமைப்பாட்டு நாள் என்று கொண்டாடியது, ஒன்றிய அரசு அதே ஊரில் விடுதலை நாள் என்று தனி விழா நடத்தியது. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு ஐதராபாத் விடுதலை நாள் என்று அறிவிக்கை போட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் காங்கிரஸ் அரசு மக்களாட்சி நாள் என்ற பொருளில் "பிரஜா பாலனா தினோத்சவம்" நடத்தியது.

அதே செப்டம்பர் 17 நமக்குப் பெரியார் பிறந்தநாள். மாணவர்கள் குழம்பாமல் இருக்க எந்த மாநிலம் என்று ஒவ்வொரு முறையும் எழுதிவிடுங்கள்.

கோப்புக்கட்டு

கடைசியாக, குறிப்பில் தேதி போடும்போது செய்யவேண்டிய சரிபார்ப்பு. சுவர் நாட்காட்டியை ஆதாரமாக வைக்காதீர்கள். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்றே அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் மாதிரி ஆல்பம் வெளியிட்டுவிடுவார்கள், அரசாணை அதற்குப் பல வாரங்கள் கழித்து வரும். 2021 நாட்காட்டிகள் சுவரில் ஏறி ஐந்து நாட்கள் ஆனபிறகுதான் தைப்பூச அறிவிப்பு வந்தது, அந்த ஆண்டு ஜனவரி 28 கறுப்பு எழுத்தில்தான் இருந்தது. அரசாணையை எடுத்து, அந்த நாள் பொதுப் பட்டியலில் இருக்கிறதா, அரசு ஊழியர் ஆண்டுக்கு 3 மட்டும் எடுக்கக்கூடிய வரையறுக்கப்பட்ட விடுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். ரம்ஜான், பக்ரீத், மொகரம் நாட்கள் பிறை தெரிவதைப் பொறுத்து மாறும், அதற்குத் தனி அறிவிப்பு வரும். ஒன்றிய அரசு அலுவலகங்களுக்கு வேறு கணக்கு: கட்டாயம் 14, பன்னிரண்டில் தேர்ந்தெடுத்த 3, ஆக 17.

தேரோட்டம், குடமுழுக்குக்கு ஆட்சியர் தருவது உள்ளூர் விடுமுறை. அந்தச் செய்திக்குறிப்பின் கடைசிப் பத்தியைப் படியுங்கள்: செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் இது பொது விடுமுறை அல்ல, ஆகவே மாவட்டக் கருவூலமும் சார்நிலைக் கருவூலங்களும் தேவையான பணியாளர்களோடு இயங்கும், ஈடாக இன்ன சனிக்கிழமை வேலைநாள் என்று இருக்கும். அந்தச் சனிக்கிழமைத் தேதியை மறந்துவிட்டுப் பள்ளிக்கு வராமல் போகும் மாணவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு, அதையும் மன்றத்தில் சொல்லிவிடுங்கள்.